கோவில்பட்டியில் ஒரு பார்சல் கடை: மெல்போர்ன்காரிக்கு அனுப்புகிறவள் எழுதுவது

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப நம்ம ஊரில் எந்தக் கடை நல்லது என்று என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். மகன் அமெரிக்காவில், மருமகன் துபாயில், தங்கச்சி கனடாவில் என்று தெருவுக்கு நாலு வீடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் கையில் இருக்கிற ஜாக்கெட் முடியாது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கடைப் பெயரை எழுதவில்லை. பாராட்டு இருக்கிற அளவுக்குக் குறையும் சொல்லப் போகிறேன், அண்ணாச்சியை நாளைக்கும் நான் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில், ஒரு ஷட்டர் அகலத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு எலக்ட்ரானிக் தராசு, நீளமான மேஜை, சுவரோடு அடுக்கின அட்டைப்பெட்டிகள், பிரவுன் டேப் உருளைகள். அண்ணாச்சி, பேக்கிங் செய்கிற ஒரு பொண்ணு, இவ்வளவுதான் ஆட்கள்.

நான் அனுப்புவது பிள்ளைக்கோ புருஷனுக்கோ இல்லை, சினேகிதிக்கு. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. மகனுக்கு அனுப்புகிற அம்மா வயிற்றை நினைத்து அனுப்புகிறாள்: பருப்புப்பொடி, முறுக்கு, அதிரசம், வேளைக்கு மருந்து. அவளுக்கு வேண்டியது சீக்கிரம் போகிற கடை. என் பார்சலில் சாப்பாடு கால்வாசிகூட இருக்காது. அந்தச் சினேகிதிதான் மெல்போர்ன்காரி. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்து ஓரமாக இருக்கிற டாண்டினாங் பக்கம் இருக்கிறாள். அங்கே நம்ம ஆட்கள் கடைக்குக் குறைவே இல்லை. ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து இடியப்ப மாவு வரைக்கும் கிடைக்கிறதாம். “சோத்துக்கு நீ அனுப்பித்தான் ஆகணும்னு இல்லட்டி” என்று அவளே சொல்லிவிட்டாள். பிறகு என்னதான் போகிறது என்றால், பார்சலில் போடுவதற்கே மற்றவர்கள் யோசிக்கிற சாமான்கள்தான் போகின்றன. அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் கடைக்கு மார்க் போடுகிறேன். சீக்கிரம் போக வேண்டும் என்பவர்கள் இந்த விமர்சனத்தில் கடைசிப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

கடைசியாக அனுப்பின பார்சலில் இருந்தவை: நான் தைத்த ஜாக்கெட்டுகள், கடலை மிட்டாய், சாத்தூர் காராச்சேவு, உடன்குடிக் கருப்பட்டி, தினசரி காலண்டர் ஒன்று, தீப்பெட்டி லேபிள் ஒரு கட்டு, பெயர் வெட்டின பழைய எவர்சில்வர் டம்ளர் ஒரு ஜோடி, வெட்டுத்துணி, பழைய பேப்பர். பழைய பேப்பர் சுற்றுவதற்குத்தான். ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் பெட்டி. வெளிநாட்டுப் பார்சலில் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் தராசு இல்லை, பெட்டியின் கன அளவு. தராசில் காட்டுகிற எடையை ‘டெட் வெயிட்’ என்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது ‘வால்யூம் வெயிட்’. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. விமானத்தில் எடையைப் போல இடத்துக்கும் விலை என்பதால் இப்படி ஒரு கணக்கு.

நான் கொண்டுபோன சாமான் பெட்டியோடு 7.2 கிலோ. பெட்டி 45-க்கு 35-க்கு 30. பெருக்கி வகுத்தால் 9.45. அரைக் கிலோ கணக்கில் ஏற்றினால் ஒன்பதரைக் கிலோவுக்குப் பில் போட வேண்டியது. சும்மா இருந்திருந்தால் நான் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். அண்ணாச்சி பெட்டிக்குள் கையை விட்டு மேலே எவ்வளவு காலி என்று பார்த்தார். ஸ்கேலை வைத்து நாலு மூலையிலும் 24 சென்டிமீட்டரில் பென்சில் கோடு. கட்டரால் நாலு மூலையையும் கோடு வரைக்கும் நேராகக் கீறினார். அப்புறம் கட்டரின் முதுகால் கோட்டை ஒட்டி அட்டையை ஒரு அழுத்து அழுத்தி, உள்பக்கமாக மடித்தார். அட்டை கிழியவில்லை, மடிப்பு புதுப்பெட்டி மாதிரியே உட்கார்ந்தது. இப்போது 45, 35, 24. வகுத்தால் 7.56. எட்டுக் கிலோவுக்குப் பில். கிலோ 720 ரூபாய் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு 1080 ரூபாய் மிச்சம்.

இதில் அவருக்குத்தான் நட்டம், கமிஷன் குறையும். கேட்டதற்கு, “பெட்டிக்குள்ள காத்தையா அனுப்பச் சொல்லுதீக?” என்றார். தையல்காரிக்குத் துணி வெட்டுகிற கையை அடையாளம் தெரியும். அளவு எடுக்காமல் கத்திரியை வைக்கிறவர் இல்லை இவர்.

பில்லையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். எட்டுக் கிலோவுக்கு 5760, பேக்கிங் 150, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. கையை விட்டுப் போனது 6974 ரூபாய். உள்ளே இருந்த சாமானுக்கு அதில் பாதி விலைகூட இருக்காது. என் வீட்டுக்காரர், “ஏழாயிரம் ரூபாய்க்குப் பழைய பேப்பர் அனுப்புறவ நீ ஒருத்திதான்” என்றார். சரிதான்.

அடுத்தது ஆஸ்திரேலியச் சட்டம். அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிப் பழகினவர்கள் ஆஸ்திரேலியா என்றதும் அதே சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே கதை வேறு. பயிருக்கும் மாட்டுக்கும் நோய் வந்துவிடக் கூடாது என்று தபாலை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள், நாயை விட்டு மோப்பம் பிடிக்க வைக்கிறார்கள். ஆகாத சாமான் இருந்தால் எடுத்து அழித்துவிடுவார்கள்.

பால் சேர்ந்தது ஆகாது. நம்மது கோமாரி நோய் இருக்கிற நாடு என்பதால் நம்ம பால் இனிப்பு எதையும் உள்ளே விடுவதில்லை. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்துக்கொண்டு பால்கோவா அனுப்ப முடியாமல் இருப்பது ஒரு கொடுமை. புவிசார் குறியீடு 2019-லேயே வாங்கியாகிவிட்டது, மெல்போர்னுக்குள் போக மட்டும் வழியில்லை. கறிவேப்பிலை ஆகாது, விதை ஆகாது. 2020-லிருந்து, சேமித்து வைத்த தானியத்தைத் தின்று அழிக்கிற கப்ரா வண்டுக்குப் பயந்து, அரிசி, பயறு, முழு மல்லி, சீரகம், பச்சை நிலக்கடலை, வத்தல் மிளகாய் என்று ஒரு பட்டியலே போட்டு, தபாலில் வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். வறுத்து, பாக்கெட் போட்டு, லேபிள் ஒட்டின கம்பெனிச் சரக்குக்கு வழி உண்டு. அதனால்தான் நம்ம கடலை மிட்டாயைச் சில்லறையாக வாங்காமல் அச்சடித்த பாக்கெட்டில் வாங்கச் சொல்கிறார் அண்ணாச்சி. மோர் மிளகாய் கேட்டிருந்தாள். அதில் மோரும் இருக்கிறது, மிளகாயும் இருக்கிறது. அண்ணாச்சி பொட்டலத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளிவிட்டார்.

இது எல்லாம் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கையால் எழுதி வைத்திருக்கிறார், நாட்டுக்கு ஒரு தாள். சிங்கப்பூர், துபாய்த் தாளில் கசகசா என்று எழுதிச் சிவப்பில் இரண்டு கோடு. அங்கே கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும், விளையாட்டில்லை. குருமாவுக்குப் பொடி திரித்து அனுப்புகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

பெட்டியிலும் சட்டம் உண்டு. பக்கத்துப் பழக்கடையில் ஆப்பிள் பெட்டி சும்மா கிடைக்கிறது என்று ஒருவர் தூக்கிக்கொண்டு வந்ததை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார். பழமோ காய்கறியோ இருந்த பெட்டியில் ஆஸ்திரேலியாவுக்குப் பார்சல் கட்டக் கூடாது, முட்டை அட்டையும் வைக்கோலும் உள்ளே வைக்கக் கூடாது. பெட்டிக் காசு வாங்குவதற்காகச் சொல்கிறார் என்று வந்தவர் முணுமுணுத்தார். விதி அப்படித்தான் இருக்கிறது.

தீப்பெட்டிக்கு வருகிறேன். கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மூன்றுக்கும் தீப்பெட்டிதான் பிழைப்பு. மெல்போர்ன்காரியின் அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டி அவளைப் படிக்க வைத்தவர். சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து படித்தோம் என்று சொல்வது மரியாதைக்கு. ஒட்டினோம் என்பதுதான் நிஜம். பசை வாடை விரலை விட்டுப் போகவே போகாது. அவளுக்கு இப்போது லேபிள் வேண்டுமாம். வித விதமான படம் போட்ட லேபிள், அது போதும்.

தீப்பெட்டி விமானத்தில் ஏறாது என்பது எல்லாருக்கும் தெரியும். காலிப்பெட்டி போகலாமே என்று நான் கேட்டேன். பக்கத்தில் உரசுகிற பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது, ஸ்கேனில் தீப்பெட்டி உருவம் தெரிந்தாலே பெட்டியை ஓரம் கட்டிவிடுவார்கள் என்று அண்ணாச்சி சொல்லி, உரசுகிற பக்கத்தையெல்லாம் பேக்கிங் பொண்ணை வைத்துக் கத்தரித்துவிட்டார். மேல் படம் மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகப் போனது. அவள் ஊரை விட்டுப் போகும்போது தீப்பெட்டி ஒரு ரூபாய். 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. பதினாலு வருஷத்துக்கு அப்புறம் ஏறின விலை. லேபிளைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “விலை ஏறிட்டே, கூலி ஏறிச்சாட்டி?” என்பதுதான். அது பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

இன்வாய்ஸ் எழுதுகிற இடத்தில்தான் இந்தக் கடை எனக்குப் பிடித்துப் போனது. ஒவ்வொரு சாமானுக்கும் பெயர், எண்ணிக்கை, மதிப்பு போட வேண்டும். மதிப்பு சைபர் என்று போட்டால் எடுக்க மாட்டார்கள். கிஃப்ட், விற்பனைக்கு அல்ல என்று எழுதினாலும் ஒரு தொகை வேண்டும். 1000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழே இருந்தால் அங்கே சுங்க வரி கேட்பதில்லை, அதனால் தொகை பற்றிப் பயமில்லை. ஆனால் என்ன எழுதுவது?

டம்ளர் இருக்கிறதே, அது அவள் அம்மாவுடையது. அம்மா போய், வீட்டை அண்ணன் காலி செய்தபோது பாத்திரத்தையெல்லாம் எடைக்குப் போடப் போனார்கள். அதில் ஒரு ஜோடியை நான் எடுத்து வைத்தேன். விளிம்புக்குக் கீழே அம்மா பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பேக்கிங் பொண்ணு அதை எடுத்து, “பழைய டம்ளர் ரெண்டு, இருபது ரூபா போடவாக்கா?” என்றாள். அண்ணாச்சி டம்ளரை வாங்கிப் பெயரைப் படித்தார். “இவ்வோ அந்தத் தெரு முக்குல இருந்த டீச்சர் வீட்டுக்கு எதிர்த்த வீடுல்லா?” என்றார். ஆமாம் என்றேன். இருநூறு போடச் சொன்னார். “இருபது ரூபா சாமான்னு எழுதுனா நடுவுல எவனும் இருபது ரூபா சாமான் மாதிரித்தான் தூக்கிப் போடுவான்” என்று காரணம் வேறு. அது உண்மையா என்று தெரியவில்லை, இன்வாய்ஸை யாரும் படித்துப் பார்த்துப் பெட்டியைத் தூக்குவதில்லை. ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

காலண்டர் இன்னொரு தலைவலி. நம்ம தினசரி காலண்டரை அட்டையோடு அனுப்பினால் பெட்டி நீளம் கூடி வால்யூம் ஏறிவிடும். சாமி படம் போட்ட அட்டையைக் கழற்றிவிட்டு, தாள் கட்டை மட்டும் அனுப்பச் சொன்னார். அவள் அதை ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தால் மாட்டியிருக்கிறாள். ராகு காலம் சூரிய உதயத்தை வைத்து வருவது, கோவில்பட்டி ராகு காலம் மெல்போர்னில் செல்லாது என்று சொல்லிப் பார்த்தேன். “அங்க இப்ப ராகு காலமான்னு தெரிஞ்சிக்கத்தாம்ட்டி” என்றாள். நம்மைவிட அவள் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறாள்; அவர்கள் கோடைக்குக் கடிகாரத்தைத் திருப்பினால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஐந்தரை. நான் மத்தியானம் கடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை முடித்து வீட்டுக்கு வந்து கால் நீட்டியிருப்பாள். எங்கள் பேச்செல்லாம் அந்த நேரத்தில்தான். என் மெஷின் சத்தத்தில் எது ஓவர்லாக், எது சாதாரணத் தையல் என்று அவளுக்குக் கேட்டே தெரியும்.

இப்போது பழைய பேப்பர்.

ஒருமுறை மதுரையில் ஒரு பெரிய கூரியர் கிளையில் அனுப்பினேன். ஏசி ரூம், டோக்கன், யூனிஃபார்ம், எல்லாம் ஜோர். நான் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனதை எல்லாம் பிரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் பபிள் ராப்பில் சுற்றி, பெட்டிக்கு வெளியே பிளாஸ்டிக் சுற்றி, பார்க்க மாப்பிள்ளை வீட்டுச் சீர் மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது, ஒன்றும் உடையவில்லை. மெல்போர்ன்காரி வீடியோவில் வந்து, பெட்டியைப் பிரித்து, சாமானையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, “பேப்பர் எங்கட்டி?” என்றாள்.

அவள் சுற்றி வருகிற பேப்பரைப் படிப்பாள். ஒவ்வொரு தாளையும் கையால் நீவி, கசங்கல் போகாவிட்டால் லேசாக இஸ்திரி போட்டு, தேதி வாரியாக அடுக்கிப் படிப்பாள். செய்தி இல்லை, அது அவளுக்கு போனிலேயே கிடைக்கிறது. தினத்தந்தி நெல்லைப் பதிப்பில் உள்ளூர்ப் பக்கம்தான் வேண்டும். அதிலும் மின்தடை அறிவிப்பு. ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல்’ என்று தொடங்கி, இலுப்பையூரணி, திட்டங்குளம், பாண்டவர்மங்கலம், நாலாட்டின்புதூர், இனாம் மணியாச்சி என்று ஊர்ப்பெயராகப் போகுமே, அது. சத்தம் போட்டுப் படிக்கிறாள். “ஏட்டி, திட்டங்குளத்துல கரண்ட் இல்லையாம், உங்க சித்தி மாவாட்டிட்டாளா?” என்று கேட்கிறாள். அந்தக் கரண்ட் வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். சித்தி இட்லி சுட்டு, அடுத்த மாவும் ஆட்டியிருப்பாள். நானும், “காலையிலயே ஆட்டிட்டா” என்று பதில் சொல்கிறேன்.

கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தை மட்டும் நான் பார்த்து எடுத்துவிடுவேன். தெரிந்தவர் படம் இருந்தால் போனில் சொல்ல வேண்டிய விஷயம் அது, காராச்சேவைப் பிரிக்கும்போது தெரியக் கூடாது. அண்ணாச்சி கடைப் பொண்ணுக்கு இந்த விவரம் ஒருமுறை சொன்னதுதான். இப்போது அவளே தாளைத் திருப்பிப் பார்த்து, அஞ்சலிப் பக்கத்தைத் தனியாக வைத்துவிட்டு, உள்ளூர்ப் பக்கமாகப் பார்த்து எடுக்கிறாள். எனக்குப் பேப்பர் கம்மியாக இருந்தால் கடைப் பேப்பரையும் சேர்த்துக்கொள்கிறாள். உடையக்கூடிய சாமானுக்கு மட்டும், பேப்பருக்கு மேலே, பபிள் ராப் ஒரு சுற்று. இதற்கு எந்தக் கம்பெனி ரேட் கார்டிலும் கட்டணம் போட்டிருக்கவில்லை.

இடைவெளியை அடைப்பதற்கு என் கடை வெட்டுத்துணி. தெர்மாகோல் வாங்குவதில்லை. அங்கே அவள் அதையும் பிரித்து, “இந்த மாம்பழக் கலரு யாரு ஜாக்கெட்டு? யாருக்குக் கல்யாணம்?” என்று விசாரணை. ஜாக்கெட் கதை தனி. அங்கே தையற்கூலி கொடுத்தால் சேலை விலையைத் தாண்டுமாம். அவளுடைய அளவு ஜாக்கெட் என்னிடமே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கிறேன், வேண்டுமென்றால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். போன முறை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன் என்றாள். நைட் ஷிப்டில் நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறாள் என்று அதிலிருந்தே புரிந்தது. அவள் அதுவரை சொல்லவில்லை, நான் திட்டிய பிறகு ஒப்புக்கொண்டாள்.

சரி, குறைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய குறை, ட்ராக்கிங். இந்த மாதிரி ஊர்க் கடைகள் நேராக விமானத்தில் ஏற்றுவதில்லை. இங்கே புக் ஆகி, சென்னையில் ஒரு ஹப்புக்குப் போய், அங்கிருந்து பெரிய கம்பெனி ஒன்றின் கைக்கு மாறுகிறது. அங்கே வேறு ஒரு நம்பர் விழும். நமக்குக் கொடுப்பது முதல் நம்பர். அதைப் போட்டுப் பார்த்தால் சென்னையை விட்டு நகராத மாதிரியே காட்டிக்கொண்டிருக்கும், சாமான் கடல் தாண்டியிருக்கும். இரண்டாவது நம்பரை நாமாகக் கேட்டால்தான் தருகிறார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் “வந்துரும்க்கா” என்று பதில், கும்பிடு பொம்மையோடு. எனக்கு அனுதாபம் வேண்டாம், நம்பர் வேண்டும்.

நாளும் சொன்னபடி இல்லை. ஒரு வாரம் என்றது இரண்டு வாரத்தை நெருங்கியது. தீபாவளிக்கு முந்தின மாதமும் டிசம்பரும் இன்னும் இழுக்கும். அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் டெலிவரிக்காரர் வந்து, கதவில் சீட்டுச் செருகிவிட்டுப் போய், அவள் போய் எடுத்துவர வேண்டியதாயிற்று. பெட்டிமேல் அவளுடைய போன் நம்பரை எழுதியது மழையில் கரைந்துவிட்டிருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டு மேலே டேப் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். இவ்வளவு கவனமாக மூலை கீறுகிற கடையில் இது எப்படி விட்டுப்போனது என்று கேட்டேன், பொண்ணு லீவில் இருந்த நாள் அது என்றார் அண்ணாச்சி. அவளுக்கு லீவு விட வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவள் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்று அங்கே சின்ன எழுத்தில் இருக்கிறது, அது ஒரு நல்ல சேலைக்குக்கூடப் பற்றாது. பட்டுச் சேலை, வெள்ளிச் சாமான் அனுப்புகிறவர்கள் இன்சூரன்ஸ் தனியாகக் கேட்டுப் போடுங்கள், இல்லையென்றால் வேறு வழி பாருங்கள்.

வேறு வழி என்றால், இரண்டு கிலோவுக்குள் என்றால் தபால் ஆபீஸையே நான் சொல்வேன். சுங்கப் படிவத்தை நாமே எழுத வேண்டும், பேக்கிங்கும் நம் பாடு, ஆனால் நடுவில் ஏஜென்ட் கிடையாது. முன்பெல்லாம் பார்சலை வெள்ளைத் துணியில் போட்டுத் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்து அனுப்புவார்கள். ஊரிலிருந்து கிளம்புகிறவர் கையில் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. ஆனால் ஆஸ்திரேலியா போகிறவரிடம் கொடுக்காதீர்கள். இறங்கும்போது என்ன சாப்பாட்டுப் பொருள், என்ன செடிப் பொருள் என்று கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர்தான், நம்ம பொட்டலத்துக்கு அவர் மாட்டக் கூடாது. வளைகுடாவுக்கு அந்தப் பழக்கம் இன்னும் ஓடுகிறது, பொட்டலத்தை ஒட்டாமல் கொடுங்கள், அவர் திறந்து பார்க்கட்டும்.

இந்தக் கடைக்குப் போகிறவர்களுக்கு: ஆதார் ஜெராக்ஸ் ஒன்று, அந்த ஊர் முகவரி பின்கோடோடு, வாங்குகிறவர் போன் நம்பர். வீட்டில் அரைத்த பொடி என்றால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதிப் பாக்கெட்டிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பொடிக்கு அங்கே மரியாதை இல்லை. மருந்து என்றால் பில்லும் டாக்டர் சீட்டும். பெட்டியை வீட்டில் ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள், எப்படியும் பிரித்துப் பார்ப்பார்கள். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளேதான் தூங்குகிறார், எழுப்பினால் ரேட் குறையாது. ஜிபே உண்டு.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். மிச்சம் ஒன்று, அந்த இரண்டாவது ட்ராக்கிங் நம்பரைக் கேட்காமலே அனுப்பட்டும், அன்றைக்கே போட்டுவிடுகிறேன்.